திறப்பு யாரிடம்? ஊர்ப் பிள்ளைகள் கூடிக் கதைக்க ஓரிடம் தொடங்க நினைப்பவர்களுக்கு

பின்னேரம் ஐந்து மணிக்கு மட்டக்களப்புப் பக்கத்தில் எந்தச் சந்தியையாவது பாருங்கள். ரியூசன் விட்டு வந்த பொடியன்கள் மதகுக்கட்டில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். ஒருவன் கையில் போன், மற்ற நாலு தலையும் அதற்குள். வியாபாரம் கெடுகிறதென்று கடைக்காரர் முணுமுணுப்பார். பெண் பிள்ளைகளை அங்கே காணக் கிடைக்காது. அவர்கள் சைக்கிளில் நேரே வீட்டுக்கு. பதின்மூன்றுக்கும் பத்தொன்பதுக்கும் இடைப்பட்ட ஒரு பிள்ளை, காசு கொடுக்காமல், பாடம் படிக்காமல், கெட்ட பேர் வாங்காமல் ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்க இடம் எங்கே என்று கேட்டால், களுவாஞ்சிகுடியிலும் சரி, வெல்லாவெளியிலும் சரி, திருக்கோவிலிலும் சரி, பெரும்பாலும் ஆட்கள் கையை விரிப்பார்கள்.

அப்படி ஓரிடத்தை உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால் இதை வாசியுங்கள். நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி ஒரே விடயத்தைச் சுற்றித்தான் வரும்: கதவுத் திறப்பை (சாவியை) வைத்திருக்கும் ஆளும், திறக்கும் நேரமும். கட்டடம் அதற்குப் பிறகு.

முதலில் பிள்ளைகளின் நேரம்

இடம் பார்க்கப் புறப்படும் முன் ஒரு சீ.ஆர். கொப்பியில் ஏழு நாளுக்கும் ஏழு பக்கம் ஒதுக்குங்கள். எந்த நாள், எந்த நேரம் எங்கே நிற்கிறார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டு எழுத வேண்டும். பள்ளிக்கூடம் விட்டால் கணக்கு, விஞ்ஞானம், ஆங்கிலம் என்று ரியூசன். ஞாயிறு காலை அறநெறி. முஸ்லிம் ஊரென்றால் வெள்ளி ஜும்ஆ, பின்னேரங்களில் குர்ஆன் மதரஸா. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை வெட்டும் நாட்களில் பெரிய பொடியன்கள் வயலில் நிற்பார்கள். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் அந்தக் கிழமை வேறு எதுவும் நடக்காது, நடத்தவும் கூடாது.

எழுதி முடித்துப் பார்த்தால் வாரத்தில் இரண்டு மூன்று இடைவெளிதான் மிஞ்சும். அதுதான் உங்களுக்குரிய நேரம். ‘தினமும் திறந்திருக்கும்’ என்று போர்டு எழுதிவிட்டு முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடப்பதை விட, செவ்வாயும் சனியும் இரண்டு மூன்று மணித்தியாலம் தவறாமல் திறப்பது மேல்.

‘உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள். பெரியவர் முன்னால் பிள்ளைகள் பெரியவருக்குப் பிடித்ததைத்தான் சொல்லும். “நூலகம் வேணும் சேர்”, “கம்பியூட்டர் வகுப்பு வேணும் சேர்.” அது மரியாதைக்குச் சொல்வது. தனித்தனியே, நடந்துகொண்டே, “பின்னேரத்தில எங்க போறீங்க? அங்க என்ன கரச்சல்?” என்று கேளுங்கள். “இருக்க இடமில்ல”, “ஆக்கள் கண்டா வீட்ட சொல்லிக் குடுப்பாங்க”, “கக்கூஸ் இல்ல” என்று அப்போதுதான் உள்ளது வெளியே வரும்.

ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் தேடிப் போய்க் கேளுங்கள். அவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, ரியூசனும் இல்லை. கசிப்புக்காரனும் ஐஸ் போதைப்பொருள் விற்கிறவனும் ஆள் பிடிக்க அந்த மாதங்கள் வசதி.

காணி தேட வேண்டாம்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் காணி தேடுவார்கள், பிறகு எஸ்டிமேட், பிறகு எம்.பி. வீட்டுப் படி. அதிலேயே வருடங்கள் ஓடும். யாருக்காகத் தொடங்கினார்களோ அந்தப் பிள்ளைகள் அதற்குள் கட்டாருக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

கட்டடம் உங்கள் ஊரிலேயே இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்திலும், 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்த பிறகு படுவான்கரையிலும் நிறுவனங்கள் கட்டிக் கொடுத்த பல்தேவைக் கட்டடங்கள், முன்பள்ளிகள், சங்க மண்டபங்கள் கொஞ்ச நஞ்சமல்ல. முன்சுவரில் நன்கொடையாளர் பேர், கதவில் துருப்பிடித்த பூட்டு, உள்ளே அடுக்கிவைத்த பிளாஸ்டிக் கதிரைகள். எப்போதாவது ஒரு கூட்டம், எலெக்சன் வந்தால் வாக்குச்சாவடி, வெள்ளம் வந்தால் முகாம். மற்ற நாளெல்லாம் வௌவாலுக்கு.

நாலைந்து கட்டடங்களைக் குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். கூடுமானால் மழை பெய்த அடுத்த நாள் போங்கள், கூரையின் யோக்கியதை அன்றைக்குத் தெரியும். முதலில் கக்கூஸைப் பாருங்கள். கதவுக்குக் கொளுக்கி உள்ளே இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? இந்த இரண்டும் இல்லாத இடத்துக்குப் பெண் பிள்ளைகள் ஒருநாள் வருவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். பிறகு வெளிச்சம். பிறகு வெளியிலிருந்து பார்வை. ஆளுயர மதில் போட்ட கட்டடத்தை விட, அரைச்சுவரும் கம்பி வலையுமாக ரோட்டிலிருந்து உள்ளே தெரிகிற மண்டபம்தான் நமக்குத் தோது. ரோட்டால் போகிற எவரும் திரும்பிப் பார்த்து, பிள்ளைகள் கரம் விளையாடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போகட்டும். அதைவிடப் பெரிய காவல் இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும், இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கட்டடம் எந்தக் கோயில் வளவில் இருக்கிறது, எந்தக் குடியின் (தாய்வழிக் குலத்தின்) கையில் இருக்கிறது, அதற்குள் வர எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிக் கால் எழும்புமா? ஒரு பகுதிப் பிள்ளைகள் கடப்படியிலேயே தயங்கி நிற்பார்கள் என்று தோன்றினால், எவ்வளவு நல்ல கட்டடமானாலும் விட்டுவிடுங்கள். கூரை ஒழுகுகிற முன்பள்ளி அதைவிட நல்லது. கூரையைத் திருத்தலாம்.

முன்பள்ளி உண்மையில் நல்ல தெரிவு. மத்தியானத்தோடு அதன் வேலை முடிந்துவிடும், ரீச்சர் பெரும்பாலும் ஊர்ப் பெண், தாய்மாருக்கு அந்த இடம் பழக்கம். ஒரே கரச்சல், கதிரைகள் சின்னன். பாய் விரித்தால் தீர்ந்தது.

கேட்கும் முறை

கட்டடம் கிராம அபிவிருத்திச் சங்கத்துடையதா, மாதர் சங்கத்துடையதா, பிரதேச சபையுடையதா, கோயிலுடையதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார். கோயில் என்றால் அதை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரிடம், பள்ளிவாசல் என்றால் நம்பிக்கையாளர் சபையிடம் போக வேண்டும். தனியே போகாதீர்கள். இரண்டு பிள்ளைகளையும் ஒரு தாயையும் கூட்டிப் போங்கள். மறுக்க நினைக்கிறவருக்குக்கூட அவர்கள் முகத்துக்கு நேரே மறுப்பது கொஞ்சம் கஷ்டம்.

வாய்ச்சொல்லில் முடிக்க வேண்டாம், கடிதம் கொடுங்கள். நீட்டி முழக்கத் தேவையில்லை. “செவ்வாய் பி.ப. 3.30 முதல் 5.45 வரையும், சனி பி.ப. 2.30 முதல் 5.45 வரையும் மண்டபத்தைப் பாவிக்க அனுமதி கோருகிறோம். சங்கக் கூட்டம், மரண வீடு, அனர்த்தம் ஏற்படும் நாட்களில் விட்டுத் தருவோம். மின்சாரக் கட்டணத்தில் எங்கள் பங்கைச் செலுத்துவோம். முன்பள்ளிப் பொருட்களைத் தொடமாட்டோம். மூன்று மாதம் பார்த்துவிட்டு நீடிக்கலாம்.” இவ்வளவும் போதும். கடைசி வசனம்தான் முக்கியம். நிரந்தரமாகக் கேட்டால் சங்கம் பயப்படும். மூன்று மாதம் என்றால் தலையாட்டும்.

தொடங்கும் நாளன்றே கரண்ட் மீற்றரைப் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். பின்னாளில் பில் கூடிவிட்டதென்று சண்டை வந்தால் அந்தப் போட்டோ பேசும். பக்கத்து வீடுகளுக்கும் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு, பாட்டுப் பெட்டி போடமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் காப்பாற்றுங்கள்.

திறப்பு

இந்த மாதிரி இடங்கள் மூடிப்போவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. காசில்லை, பிள்ளைகள் வரவில்லை, ஊரில் ஒற்றுமையில்லை. கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பது, திறப்பு வைத்திருந்தவர் அன்றைக்கு ஊரில் இல்லை என்பதுதான். கலியாண வீட்டுக்குப் போயிருப்பார், டவுனுக்குப் போயிருப்பார், போன் எடுக்கமாட்டார். ஒருநாள் வந்து பூட்டிய கதவைப் பார்த்த பிள்ளை அடுத்த கிழமையும் வந்து பார்க்கும். அன்றைக்கும் பூட்டியிருந்தால் மதகுக்கட்டுக்குத் திரும்பிவிடும். பிறகு நீங்கள் வீடு வீடாகப் போய் அழைத்தாலும் வராது.

ஆகவே திறப்பு இரண்டு செய்யுங்கள். ஒன்று ஒரு பெண்ணிடம், ஒன்று ஒரு ஆணிடம். இருவரும் கட்டடத்துக்கு நடை தூரத்தில் இருக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது என்பதற்கு என் அளவுகோல் இலேசு: ரோட்டில் அவரைக் கண்டால் பிள்ளைகள் தானாக நின்று கதைக்கிறார்களா? தையல் கடை அக்காவாக இருக்கலாம், ஓய்வுபெற்ற தபால்காரராக இருக்கலாம். ரியூசன் கொடுக்கும் சேர் வேண்டாம், இரண்டு கிழமையில் இடம் வகுப்பறையாகிவிடும். கிரிக்கெட் ரீம் கப்டனும் வேண்டாம், அது அவனுடைய செற்றின் கூடாரமாகிவிடும். கட்சி அமைப்பாளரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இருவர் மட்டும் எல்லா நாளும் சுமந்தால் ஆறு மாதத்தில் களைத்துப் போவார்கள். ஆறு பேரைச் சேர்த்து முறை வையுங்கள், மாதத்தில் ஒருவருக்கு மூன்று நாள் போல வரும். கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் கொப்பியைத் தொங்கவிட்டு, நைலோன் நூலில் பேனையைக் கட்டிவிடுங்கள், கட்டாத பேனை ஒரு நாள் நிற்காது. திறந்த நேரம், பூட்டிய நேரம், முறைக்கு நின்றவரின் கையொப்பம், எத்தனை ஆண், எத்தனை பெண். அவ்வளவுதான். மழை கொட்டி ஒருவரும் வராவிட்டாலும் திறந்து, அரை மணித்தியாலம் இருந்து, பூச்சியம் என்று எழுதிவிட்டுப் பூட்ட வேண்டும். பின்னாளில் சங்கமோ பிரதேச செயலகமோ “என்ன நடக்குது அங்க?” என்று கேட்டால் அந்தக் கொப்பியை நீட்டுங்கள்.

பூட்டும் நேரத்தை இடத்தைப் பொறுத்து வையுங்கள். நமக்கு ஆறு, ஆறேகாலுக்கு இருட்டும், கார்த்திகை மார்கழியில் இன்னும் முந்தி. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கத்தில் இருட்டினால் யானை ஊருக்குள் வரும், அங்கே ஐந்தேகாலுக்கே பூட்டுவதுதான் புத்தி. பஸ்ஸில், வாவியைக் கடக்கும் பாதையில் (மிதவையில்) வந்து போகும் பிள்ளைகள் இருந்தால் கடைசிப் பயண நேரத்துக்குக் கால் மணித்தியாலம் முந்திப் பூட்டுங்கள்.

பெண் பிள்ளைகள் வரும் வழி

கடப்படியில் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி ஒரு பிள்ளை உள்ளே எட்டிப் பார்க்கும். அது பார்ப்பது ஆட்களை அல்ல, வாசலில் கிடக்கும் செருப்புகளை. அதற்குள் இன்னொரு பெண் பிள்ளையின் செருப்பு இருந்தால் இறங்கும், இல்லாவிட்டால் ரோட்டையே பார்த்து வந்தது போல மிதித்துக்கொண்டு போய்விடும். உங்கள் வேலை, முதல் நாளே வாசலில் நாலைந்து சோடி அப்படிக் கிடக்கச் செய்வது. தனித்தனியாக அழைத்தால் நடக்காது. ஒரே வகுப்பில் படிக்கும் நாலு சிநேகிதிகளைச் சேர்த்து அழைக்க வேண்டும், தாய்மாருக்கும் சொல்லி.

தாய்மாரின் கேள்வி எனக்கு மனப்பாடம். “என்ட புள்ள அங்க போய், நாலு பேர் நாலு கதை கதைச்சா ஆருகா பதில் சொல்ற?” நியாயமான கேள்விதான், அதற்கு மனித உரிமை பாடம் எடுக்கக் கூடாது. “நீங்களும் வந்து திண்ணையில இருங்க மாமி. பாத்துட்டு மறுகா சொல்லுங்க” என்று விடுவது நல்லது. வருவார்கள். இரண்டு தரம் வந்து, தேத்தண்ணி குடித்து, பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்துவிட்டு, மூன்றாம் தரம் பிள்ளையை மட்டும் அனுப்புவார்கள்.

ஆணும் பெண்ணும் ஒன்றாகவா, வேறு வேறு நேரமா என்று கேட்பீர்கள். ஊரைப் பொறுத்தது. நான் சொல்வது, முதல் மூன்று மாதம் வாரத்தில் ஒருநாள் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வையுங்கள். இல்லாவிட்டால் கரம் போர்ட்டும் நெற்றும் பொடியன்கள் கையில் மாட்டிக்கொள்ளும், பெண் பிள்ளைகள் சுவரோரம் பார்வையாளராக நிற்பார்கள். தனி நாளில் பழகி, போர்ட் தங்களுடையதும்தான் என்று ஆன பிறகு பொது நாளிலும் தைரியமாக இடம் கேட்பார்கள். காத்தான்குடி, ஓட்டமாவடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் தனி நாளே தொடர்ந்து இருக்க வேண்டியும் வரலாம். அதில் குறையில்லை, நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் சரி. பெண் பிள்ளைகளுக்கு வெயில் கொளுத்தும் இரண்டு மணியைக் கொடுத்துவிட்டு நல்ல பின்னேரத்தைப் பொடியன்களுக்கு வைத்துக்கொள்வதுதான் கூடாது.

வளவில் இடமிருந்தால் வொலிபோல் நெற் ஒன்று கட்டுங்கள். கம்பத்தில் கொளுக்கி இரண்டு உயரத்தில் வையுங்கள்: ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். ஒரே உயரத்தில் இறுகக் கட்டிவிட்டால் அது ஆண்களின் நெற்தான்.

உள்ளே என்ன வைப்பது

கொஞ்சமாக. கரம் போர்ட் இரண்டு, செஸ், சீட்டுக்கட்டு (ஊர் ஒத்துக்கொண்டால் மட்டும், காசு வைத்து விளையாட்டு என்ற பேச்சு வரும்), பத்திரிகை ஒன்று, நாலு பாய், ஒரு நீள வாங்கு, போன் சார்ஜ் போடும் பலகை. கரத்துக்கு ஒரு முறை வையுங்கள், தோற்ற சோடி எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரர் இருவர் நாள் முழுக்க எழும்பமாட்டார்கள். ரீவி வேண்டாம் என்பது என் கட்சி. ரீவி வைத்தால் எல்லாரும் ஒரு பக்கம் பார்த்திருப்பார்கள், கதை நின்றுவிடும். வைஃபை பற்றி ஊரில் வாதம் நடக்கும். பாஸ்வேர்ட் கொடுத்தால் மூலைக்கு ஒருவராக ஒதுங்கிவிடுவார்கள் என்பது உண்மை, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்ப வேறு வழியில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் விண்ணப்ப வேலைக்கு என்று வைத்தால் இரண்டு பக்கமும் ஓயும்.

எல்லா நேரத்தையும் நிகழ்ச்சியால் நிரப்பாதீர்கள். பேச்சுப் போட்டி, தலைமைத்துவப் பயிற்சி, விழிப்புணர்வுக் கருத்தரங்கு என்று கொண்டு வர ஆட்கள் காத்திருப்பார்கள். மாதத்தில் ஒன்று போதும். பிள்ளைகள் சும்மா இருப்பதற்கு வருகிறார்கள், சும்மா இருக்க விடுங்கள். கூத்து ஆடும் ஊரென்றால் அண்ணாவியார் ஒருவர் தன்பாட்டில் மத்தளத்தோடு வந்து ஒரு மூலையில் இருக்கட்டும். விருப்பமுள்ளவர் கிட்டப் போவார்கள்.

ஒழுங்கும் பாதுகாப்பும்

விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும், ஒரு தாளுக்கு மேல் போகக் கூடாது. அவர்கள் எழுதினால் நம்மை விடக் கடுமையாக எழுதுவார்கள், கொஞ்சம் இளக்கிவிட வேண்டி வரும். நீங்கள் சேர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கேட்காமல் யாரையும் போட்டோ, வீடியோ எடுக்கக் கூடாது. ஒரு ரிக்ரொக் வீடியோவால் ஒரு பெண் பிள்ளையின் வருகை மட்டுமல்ல, அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாரின் வருகையும் நின்றுவிடும். மற்றது, சிகரெட், சாராயம், பாக்கு வகை எதுவும் வளவுக்குள் வேண்டாம். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையும் மதுவும் விற்பதே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்று பக்கத்துக் கடைக்கும் நினைவூட்டிவிடுங்கள்.

பெரியவர்களுக்கான விதிகள் இதைவிட இறுக்கமாக இருக்க வேண்டும். திறந்திருக்கும் நேரமெல்லாம் பெரியவர் இருவராவது நிற்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு கதவு சாத்திய அறையில் இருக்கக் கூடாது. தனியே கதைக்க வேண்டுமென்றால் திண்ணையில், எல்லாரும் காண. பிள்ளைகளுக்கு இரவில் தனிப்பட்ட மெசேஜ் அனுப்பக் கூடாது. நிதி கொடுத்தவர், வெளிநாட்டிலிருந்து வந்தவர், சாமியார், மௌலவி, சேர் எவருக்கும் விலக்கில்லை.

ஒரு பிள்ளை வீட்டிலோ வெளியிலோ நடந்த கொடுமையைச் சொன்னால், கேளுங்கள், துருவாதீர்கள், ‘ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கம் இந்த விடயத்தில் வேண்டவே வேண்டாம், தீர்வது கேட்டவருக்குத்தான், பிள்ளைக்கல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். மனம் உடைந்து நிற்கும் பிள்ளைக்கு 1926, அது மனநல உதவி இலக்கம். அம்புலன்ஸுக்கு 1990. மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி கக்கூஸ் கதவின் உட்பக்கத்திலும் ஒட்டுங்கள். மண்டபச் சுவரில் நின்று 1929ஐக் குறித்துக்கொள்ள எந்தப் பிள்ளைக்கும் கூச்சமாக இருக்கும்.

காசும் பதிவும்

தொடங்கச் சிரமதானம் ஒன்று போதும். சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பல்ப் மாற்றினால் பாதி வேலை முடிந்தது. கரம் போர்ட்டை சுவிஸிலோ லண்டனிலோ இருக்கும் ஊர்க்காரர் வாங்கித் தருவார். தரட்டும், ஆனால் சுவரில் பேர் எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு பேர் எழுதினால் அடுத்தவர் தரமாட்டார். வரவு செலவை மாதா மாதம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், ஒரு பணிஸ் வாங்கினாலும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் பிள்ளைகளே கடலைக் கடையும் தேத்தண்ணிக் கடையும் போட்டால் வருடத்துக் கரண்ட் காசு தேறும்.

பதிவுக்கு அவசரப்பட வேண்டாம். முதல் மாதங்களில் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் நிழலில் நடத்துங்கள். நின்று பிடித்த பிறகு இளைஞர் சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இளைஞர் கழகமாகப் பதியலாம். பதினெட்டுக்குக் கீழ்ப் பிள்ளைகளே அதிகம் என்றால் சிறுவர் கழகம் பொருந்தும். யாப்பு, உறுப்பினர் பட்டியல், கூட்ட அறிக்கை என்று கேட்பார்கள். பதிந்தால் வங்கிக் கணக்குத் திறக்கலாம், போட்டிகளுக்குப் போகலாம். பதிவோடு தலைவர், செயலாளர் பதவிச் சண்டையும் வரும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

பக்கத்து ஊர்

ஆரையம்பதிக்குப் பக்கத்தில் காத்தான்குடி, செங்கலடிக்குப் பக்கத்தில் ஏறாவூர், காரைதீவுக்குப் பக்கத்தில் சாய்ந்தமருது, ஆலையடிவேம்புக்குப் பக்கத்தில் அக்கரைப்பற்று. ஒரே ரோட்டில் போகும் பிள்ளைகளுக்கு ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியாது. இதற்கென்று நல்லிணக்கப் பட்டறை வைக்கத் தேவையில்லை, கரம் மெச் ஒன்று வையுங்கள். ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே. வெள்ளிக்கிழமை வேண்டாம், நோன்பு மாதம் வேண்டாம். சாப்பாடு கொடுத்தால் ஹலால் கடையில் எடுங்கள், மரக்கறி ரோல்ஸும் சேர்த்து எடுங்கள். சோடிகளை ஊர் கலந்து சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். ஊருக்கு ஊர் மோதவிட்டால் நாளைக்கு ரோட்டில் மோதுவார்கள்.

மாரி காலம், பரீட்சைக் காலம்

ஐப்பசி கடைசியிலிருந்து தை வரை மழை விடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். வெள்ளம் வந்தால் கட்டடம் முகாமாகும், கடிதத்தில் எழுதியபடி விட்டுக் கொடுங்கள். கரம் போர்ட்டையும் கொப்பிகளையும் வைக்க ஆளுயரத்தில் ஒரு தட்டு முன்கூட்டியே அடித்து வையுங்கள். முகாமில் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், பதினாறு வயதுப் பிள்ளைகள் பெயர்ப் பட்டியல் எழுதுவதில் பெரியவர்களை விடச் சுறுக்கு.

ஓ.எல்., ஏ.எல். நெருங்கும்போது சில தாய்மார் “படிக்கிற நேரத்தில கதவப் பூட்டுங்க” என்பார்கள். பூட்ட வேண்டாம், வீட்டில் மேசையில்லாத பிள்ளைகள் அந்தக் காலத்தில்தான் இன்னும் கூட வருவார்கள். கரத்தை எடுத்து வைத்துவிட்டு, வாங்கையும் பாயையும் சுவரோரம் போட்டு, வெளிச்சத்தைக் கூட்டி விடுங்கள்.

பத்தொன்பது தாண்டியவர்கள் போக மாட்டார்கள், அதுவும் ஒரு பிரச்சினை. மூலையில் நாலு பெரிய பொடியன்கள் நிரந்தரமாகக் குந்தினால் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடும். விரட்டவும் முடியாது, நேற்று வரை அவர்களுடைய இடம். தையில் புது முறைப் பட்டியல் எழுதும்போது அவர்கள் பேரை அதில் சேர்த்து, மாதம் ஒருநாள் பெரியவரோடு சேர்ந்து நின்று திறந்து பூட்டும் பொறுப்பைக் கொடுங்கள். யன்னல் கொளுக்கி, கக்கூஸ் பைப், கரண்ட் மெயின் மூன்றையும் பார்த்துவிட்டுக் கொப்பியில் எழுதுவது அவர்கள் வேலை. முறையில்லாத நாளில் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு கிரவுண்டுக்குப் போகச் சொல்லுங்கள், அல்லது அவர்களுக்கென்று ஞாயிறு பின்னேரத்தைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.